நிற்கத் தெரிந்த கண்ணாடி

“மைக்கா போட்டியா தம்பி?”

ரிச்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் டிரான்ஸ்பார்மர் கடை வைத்திருந்த பெரியவர் கேட்டார். 2013, ஆவணி மாதம். விநாயகர் சதுர்த்திக்குப் பத்தே நாள் இருந்தது. எங்கள் தெருமுனைச் சுவரில் லேசர் ஒளியால் பிள்ளையார் வரைந்து காட்டுகிறேன் என்று கமிட்டிப் பையன்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கையில் இருந்ததோ கருகிய வாடை வீசும் ஒரு கால்வோ. கட்டைவிரல் பருமனில் ஒரு குட்டி மோட்டார், அதன் தண்டின் நுனியில் நகத்தளவு கண்ணாடி. அன்று காலைவரை அது நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தது.

பெரியவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

நான் டிவி மெக்கானிக். வில்லிவாக்கத்தில் கடை. பிக்சர் டியூப் காலத்தில் பழகிய கை. டியூபுக்குள் எலெக்ட்ரான் கற்றை நொடிக்கு 15,625 கோடு போடும். கழுத்தில் மாட்டிய யோக் சுருள் இழுத்த பக்கமெல்லாம் போகும். எலெக்ட்ரானுக்கு எடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. திரும்பு என்றால் திரும்பிவிடும். லேசரும் அப்படித்தானே இருக்கும் என்று நினைத்தது என் முதல் தப்பு. லேசர் ஒளி எந்தச் சுருளுக்கும் வளைந்து கொடுக்காது. அதைத் திருப்பக் கண்ணாடி வேண்டும். கண்ணாடிக்கு எடை உண்டு.

முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான். பழைய நான்கு அங்குல ஸ்பீக்கர், அதன் கூம்பில் ஒட்டிய கண்ணாடித் துண்டு, பிளாட்பாரத்தில் வாங்கிய சிவப்பு லேசர் பாயின்டர். ஆம்ப்ளிஃபயரில் இளையராஜா பாட்டு. விளக்கை அணைத்ததும் சுவரில் வளையமும் பூவுமாக ஒளி ஆடியது. மகள் கைதட்டினாள். பிறகு, “அப்பா, என் பேரை எழுதுங்க” என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஓர் எழுத்தை எழுத வேண்டுமென்றால் ஒளி ஓரிடத்துக்குப் போக வேண்டும், நிற்க வேண்டும், திரும்ப வேண்டும். பாட்டு ஆம்ப்ளிஃபயரின் வாசலில் ஒரு கெப்பாசிட்டர் காவல் இருக்கும். அலையும் மின்சாரத்தை அது உள்ளே விடும். அசையாமல் நிற்கும் மின்சாரத்தைத் தடுத்துவிடும். அதாவது, ஸ்பீக்கருக்கு ஆடத் தெரியும், நிற்கத் தெரியாது.

அசையும் கண்ணாடியின் வரலாறு முழுவதும் இந்தத் தகராறுதான் என்பது கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது புரிந்தது. கண்ணாடியை ஆட்ட மனிதனுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. ஆடியதை நிறுத்தத்தான் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

1857-இல் பாரிஸ் நகரப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியராக இருந்த ஜூல் அந்துவான் லிஸ்ஸாஜூ, இரண்டு இசைக்கவைகளை எடுத்து ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறு கண்ணாடி பொருத்தினார். ஒன்று மேலும் கீழும் அதிரும், மற்றது இடமும் வலமும். ஒளிக்கற்றை ஒன்றில் பட்டுத் தெறித்து, அடுத்ததில் பட்டுத் திரையில் விழும். இரு கவைகளின் சுருதி பொருந்தினால் வட்டமோ நீள்வட்டமோ வரும். ஒன்று மற்றதைவிட ஒரு ஸ்தாயி மேலே இருந்தால் எட்டு போட்டதுபோல் ஒரு முடிச்சு விழும். இன்றைய லேசர் புரொஜெக்டரைத் திறந்தால் உள்ளே இருப்பது இதே ஏற்பாடுதான்: எக்ஸ் கண்ணாடி, ஒய் கண்ணாடி, நடுவே ஒரு கற்றை. ஆனால் இசைக்கவைக்குத் தன் சுருதி ஒன்றுதான் தெரியும். வரச் சொன்னால் வராது, நில் என்றால் நிற்காது. கோலம் போடும், கையெழுத்துப் போடாது.

அடுத்த ஆண்டே கண்ணாடிக்கு வேறு வேலை வந்தது. 1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்தி கேபிள் போட்டு முடித்தார்கள். அவ்வளவு தூரம் போய்ச் சேரும்போது மின்சாரம் நூலாக இளைத்துவிடும். அந்த இளைத்த மின்சாரத்தைக் கண்டுபிடிக்க வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, ஒரு கருவி செய்திருந்தார். பட்டு நூலில் தொங்கும் குட்டிக் கண்ணாடி, அதன் முதுகில் ஒட்டிய காந்தத் துணுக்குகள், சுற்றிலும் கம்பிச் சுருள். கண்ணாடியும் காந்தமும் சேர்ந்து ஒன்றரை கிரெயின். நம் கணக்கில் ஏறக்குறைய 0.1 கிராம். விளக்கொளி கண்ணாடியில் பட்டு இருட்டறையில் உள்ள அளவுகோலில் ஒரு புள்ளியாக விழும். புள்ளி ஒரு பக்கம் நகர்ந்தால் குற்று, மறுபக்கம் நகர்ந்தால் கோடு.

கேபிளின் மின் பொறுப்பில் இருந்தவர் வைல்ட்மேன் வைட்ஹவுஸ். தொழிலால் அறுவை மருத்துவர். தாம்சனின் கண்ணாடியை அவர் பெரிதாக மதிக்கவில்லை. கேபிள் முனகுகிறதா, வோல்ட்டை ஏற்று என்பது அவர் வைத்தியம். ஆளுயரத் தூண்டுசுருள்களைக் கொண்டு சுமார் 2000 வோல்ட்டை உள்ளே தள்ளினார். விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்துச் செய்தி போய்ச் சேரப் பதினாறு மணி நேரம் பிடித்தது. கேபிளின் உறையில் முன்பே குறை இருந்தது உண்மைதான். அந்தக் குறையைப் பெரிதாக்கியது இந்த வைத்தியம். வாழ்த்துப் போய்ச் சேர்ந்து மூன்று வாரத்துக்குள் கேபிள் ஊமையாகிவிட்டது.

பவர் சப்ளை வாங்கப் போகிறவன் படிக்க வேண்டிய முதல் பாடம் இது என்று நான் நினைக்கிறேன். வேலை நடக்காதபோது வோல்ட்டை ஏற்றத்தான் கை போகும். எனக்கும் போயிருக்கிறது.

தாம்சனுக்கு இன்னொரு விஷயமும் தெரிந்திருந்தது. கேபிளில் ஒரு துடிப்பை அனுப்பினால் அது வெட்டினாற்போல் முடியாது. வால் போல் இழுபடும். முதல் துடிப்பின் வால் அடுத்த துடிப்பின் தலையில் ஏறிக் குழப்பும். அதனால் தாம்சனும் பொறியாளர் ஃப்ளீமிங் ஜென்கினும் ஒரு வழி செய்தார்கள். பிளஸ் துடிப்பு ஒன்றை அனுப்பிய கையோடு சின்னதாக ஒரு மைனஸ் துடிப்பை அனுப்பி, முன்னதன் வாலை நறுக்கிவிடுவது. கிளப்பியதை நிறுத்த, எதிர்த் திசையில் ஒரு தள்ளு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் கால்வோ கருகிய கதைக்கு இது வேண்டும்.

இந்தக் கண்ணாடிக்கும் நம் ஊருக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. 1870-71-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் போட்டார்கள். இருட்டறையில் நகரும் ஒளிப்புள்ளியைப் பார்த்துச் செய்தி படிப்பது அக்காலக் கடல் தந்தித் தொழிலின் பொதுப் பழக்கம்.

இன்னும் நெருங்கிய உறவு கோடம்பாக்கத்தில் உண்டு. பழைய தமிழ்ப் படங்களின் டைட்டில் கார்டில் ஆர்.சி.ஏ. ஒலிப்பதிவு என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். அந்தக் கருவிக்குள் இருந்ததும் ஆடும் கண்ணாடிதான். பாடகரின் குரல் மைக் வழியே மின்சாரமாகி, சின்னக் கண்ணாடியை அசைக்கும். அதிலிருந்து தெறித்த ஒளி ஃபிலிமின் ஓரத்தில் அலை அலையாகக் கோடு எழுதும். லேசர் பிறப்பதற்கு முன்பே கண்ணாடி பாட்டை வரைந்திருக்கிறது.

லேசர் வந்தது 1960 மே 16-இல். கலிபோர்னியாவின் மாலிபுவில் ஹியூஸ் ஆய்வகத்தில் தியோடர் மைமன் மாணிக்கத் தண்டிலிருந்து சிவப்பு ஒளித் துடிப்பை வரவழைத்தார். 1964-இல் அதே நிறுவனத்தின் வில்லியம் பிரிட்ஜஸ் ஆர்கான் வாயு லேசரைச் செய்தார். பச்சையும் நீலமும் கைக்கு வந்தன. 1973 நவம்பர் 19-இல் லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் வானாய்வகக் கோளரங்கில் ஐவன் டிரையர் ‘லேசரியம்’ என்ற காட்சியைத் தொடங்கினார். கிரிப்டான் லேசரின் ஒளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பிரித்து, இசைக்கு ஏற்ப கண்ணாடிகளை ஆட்டி, கூரை முழுக்கச் சுருளும் வளையமுமாகப் படரவிட்டார்கள். இயக்குபவர் வாத்தியம் வாசிப்பதுபோல் பலகைமுன் உட்கார்ந்து அப்போதைக்கப்போது வாசித்தார். கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். ஆனால் உற்றுப் பார்த்தால் அது லிஸ்ஸாஜூவின் கோலங்களுடைய பேத்திதான்.

அந்தக் காலத்தில் பவர் சப்ளை என்றால் எல்லாருக்கும் கவலை லேசரைப் பற்றித்தான். சில வாட் ஒளி வேண்டுமென்றால் பல கிலோவாட் மின்சாரம் கொடுக்க வேண்டும். த்ரீ ஃபேஸ் இணைப்பு, குழாயைக் குளிர்விக்கத் தண்ணீர் என்று ஒரு சிறு தொழிற்சாலைக்கு உரிய ஏற்பாடு. வீட்டில் செய்து பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை.

கண்ணாடிக்கு நிற்கச் சொல்லிக் கொடுத்த வேலை வேறிடத்தில் நடந்தது. 1968-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் தொடங்கிய ஜெனரல் ஸ்கேனிங் நிறுவனம் கால்வோக்களையே தொழிலாக எடுத்துக்கொண்டது. பின்னர் கேம்பிரிட்ஜ் டெக்னாலஜி வந்தது. திருப்பம் என்னவென்றால், தண்டின் பின்பக்கத்தில் ஒரு கண் வைத்தார்கள். கண்ணாடி இப்போது எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். டிரைவர் போர்டு இரண்டையும் ஒப்பிடும்: போகச் சொன்ன இடம் எது, போயிருக்கும் இடம் எது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்கு ஏற்பச் சுருளில் மின்சாரம் பாய்ச்சும். இடம் நெருங்க நெருங்க மின்சாரத்தைத் திருப்பிப் போட்டுப் பிரேக் பிடிக்கும். பிறகு இரும்புக்குப் பதிலாகக் காந்தத்தையே சுழலும் தண்டாக ஆக்கினார்கள்; வேகம் இன்னும் கூடியது. ஒளி எழுத்து எழுதத் தொடங்கியது, கார்ட்டூன் வரைந்தது.

1986-இல் லேசர் காட்சிக்காரர்கள் இல்டா என்ற சர்வதேசச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். யார் ஸ்கேனர் எவ்வளவு வேகம் என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்ன காலத்தில், சங்கம் ஒரு பொதுச் சோதனைப் படத்தைக் கொண்டுவந்தது. நொடிக்கு 30,000 புள்ளி, கற்றை விரியும் கோணம் 8 பாகை. அதைத்தான் கடையில் ‘30 கே’ என்கிறோம். அந்தப் படத்தின் நடுவில் ஒரு சதுரமும் ஒரு வட்டமும் இருக்கும். அதில் ஒரு குறும்பு உண்டு. கணக்குப்படி வட்டம் சதுரத்தைவிடப் பெரியது. ஆனால் கண்ணாடிக்கு எடை இருப்பதால், சொன்ன தூரம் போய்ச் சேருமுன் அடுத்த கட்டளை வந்துவிடும், வட்டம் சுருங்கும். டிரைவர் போர்டைச் சரியாகத் திருகியிருந்தால் அது சதுரத்தின் நான்கு பக்கங்களையும் உள்ளிருந்து தொட்டு நிற்கும். கண்ணாடியின் தவறை மறைக்காமல், எவ்வளவு தவற வேண்டும் என்று அளவு வைத்துக் கேட்கிற பரீட்சை.

2010-இல் கேசியோ நிறுவனம் லேசர் டயோடுகளை வைத்து அலுவலகப் புரொஜெக்டர் விற்கத் தொடங்கியது. சில மாடல்களில் சுமார் ஒரு வாட் நீல டயோடுகள் 24 இருந்தன. உலகெங்கும் வீட்டில் செய்கிறவர்கள் புதுப் புரொஜெக்டரை வாங்கி, அன்றே உடைத்து, டயோடுகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். கூடவே சீனத்திலிருந்து மலிவான கால்வோ ஜோடிகளும் டிரைவர் போர்டுகளும் வந்தன. த்ரீ ஃபேஸும் தண்ணீரும் போய், மேசைமேல் வைக்கிற பொருளாகிவிட்டது லேசர். எனக்கும் ஒரு ஜோடி வந்து சேர்ந்தது. 20 கே, பிளஸ் மைனஸ் 15 வோல்ட்.

இனி மைக்கா.

பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று என்று இரட்டைச் சப்ளை எதற்கு? கண்ணாடியை ஒரு பக்கம் தள்ள பிளஸ் லைன் மின்சாரம் கொடுக்கும். அதே கண்ணாடியை நிறுத்த எதிர்த்திசை மின்சாரம் வேண்டும். அதை மைனஸ் லைன் கொடுக்கும். மறுபக்கம் தள்ளும்போது வேலை மாறிக்கொள்ளும். தாம்சன் கடலடியில் வாலை நறுக்கியதும் இதே முறையில்தான். கிளப்புகிற செலவு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு நிறுத்துகிற செலவு. ஒரு லைன் செத்தால் பிரேக் இல்லாத பஸ்.

சப்ளையை நானே கட்டினேன். 18-0-18 டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ், கெப்பாசிட்டர், பிளஸுக்கு 7815 ரெகுலேட்டர், மைனஸுக்கு 7915. இரண்டையும் பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் கால்களின் வரிசை வேறு. அது எனக்குத் தெரியும், சரியாகத்தான் பற்றவைத்தேன். முதுகுத் தகடும் வேறு என்பதைத்தான் மறந்தேன். 7815-இன் முதுகு கிரவுண்ட். 7915-இன் முதுகு, உள்ளே வரும் மைனஸ் மின்சாரம். டிவியில் 7812 போட்டுப் போட்டுப் பழகிய கை. அதன் முதுகுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மின்சாரத்தைத் தடுக்கும் மைக்காத் துண்டு தேவைப்பட்டதே இல்லை. இரண்டையும் ஒரே ஹீட் சிங்கில் முடுக்கிவிட்டேன்.

ஹீட் சிங்கின் கறுப்புப் பூச்சு இருபது நிமிடம் என்னைக் காப்பாற்றியது. சுவரில் பிள்ளையார் சுழி அழகாகச் சுழன்றுகொண்டிருந்தது. சூடேறியதும் ஸ்க்ரூவுக்கு அடியில் பூச்சு உரிந்தது. மைனஸ் பக்கம் கிரவுண்டோடு ஒட்டிக்கொள்ள, அந்தப் பக்கத்து ஃப்யூஸ் மட்டும் போயிற்று. பிளஸ் பக்கம் கம்பீரமாக 15 வோல்ட். கண்ணாடி ஒரு பக்கமாகப் பாய்ந்து, டக்கென்று முட்டி, அங்கேயே நின்றது. பச்சைப் புள்ளி தினசரி காலண்டரில் தேதிக்கு மேல் போய் உட்கார்ந்தது. நான் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, சுருள் வேகிற வாடை வரும்வரை சுவிட்சை அணைக்கவில்லை.

நிற்கத் தெரிவது வேறு, சிக்கி நிற்பது வேறு. ஓடுகிற கற்றை கண்ணில் பட்டால் நொடியின் ஒரு துளிதான் பட்டுக் கடக்கும். சிக்கி நிற்கிற கற்றை மொத்தமும் ஒரே இடத்தில் இறங்கும். காலண்டர் இருந்த இடத்தில் என் மகள் நின்றிருந்தால் என்ற நினைப்பு கால்வோ போன வருத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பெரியவரிடம் இதை எல்லாம் சொல்லவில்லை. “இல்லை பாய், போடலை” என்றேன். அவர் சிரிக்கவில்லை. டிராயரைத் திறந்து மைக்காத் துண்டுகள் நாலைந்தை எடுத்துக் கையில் வைத்தார்.

“இது பாட்டு ஆம்ப்ளிஃபயர் இல்ல தம்பி. கேக்கறப்ப மொத்தமாக் கேக்கும், அடுத்த நிமிஷம் ஒண்ணும் கேக்காது. 7815 ஒரு ஆம்பியருக்கு மேல மூச்சு வாங்கும். பெரிய டிரான்ஸ்பார்மரா எடு, கெப்பாசிட்டரைத் தாராளமாப் போடு. வோல்ட் மட்டும் போர்டுல எழுதியிருக்கறதத் தாண்டாதே.”

கோயம்புத்தூரில் மேடை விளக்கு வாடகைக்கு விடும் ஒருவரிடமிருந்து பழைய ஜோடி ஒன்று வந்தது. 30 கே, பிளஸ் மைனஸ் 24. போர்டில் வோல்ட் கூடுதல் என்பது வீம்புக்கு அல்ல. சுருள் திடீர் மாற்றத்தை எதிர்க்கும், அந்த எதிர்ப்பை மீறி மின்சாரம் சட்டென்று ஏற வேண்டுமென்றால் பின்னால் தள்ளுகிற வோல்ட் அதிகம் வேண்டும். இந்த முறை ரெகுலேட்டரே இல்லை. போர்டு தனக்கு வேண்டியதைத் தானே சீர்செய்துகொள்ளும் வகை. 18-0-18 தடித்த டிரான்ஸ்பார்மர், பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட். லேசருக்குத் தனிச் சப்ளை. ஒரே சப்ளையில் இரண்டையும் கட்டினால் கண்ணாடி துள்ளும்போதெல்லாம் ஒளி மங்கும், கோட்டில் முடி முளைத்ததுபோல் நடுக்கம் தெரியும். கடைசியாக, மைனஸ் லைனில் ஒரு 24 வோல்ட் ரிலே. அந்த லைன் உயிரோடு இருக்கும்வரைதான் ரிலே லேசருக்கு மின்சாரம் விடும்.

பிறகு மூன்று இரவு சுவரும் ஸ்க்ரூ டிரைவருமாகப் போயின. போர்டில் ஊசிமுனைத் திருகிகள்: ஒன்று வேகம், ஒன்று பிரேக். ‘உ’ முதல் இரவே வந்துவிட்டது. தமிழில் வளைவு அதிகம். கண்ணாடிக்கு வளைவு பிடிக்கும். பாடாய்ப் படுத்தியது ‘ட’. நேராக இறங்கி, சட்டென்று திரும்பி, படுத்துப் போக வேண்டும். பிரேக் குறைந்தால் மூலையைத் தாண்டி ஓடி, கொக்கிபோல் சுருண்டு திரும்பும். பிரேக் கூடினால் மூலை மழுங்கி, ‘ட’ சோம்பல் முறித்ததுபோல் சாயும். பிள்ளையாரின் தும்பிக்கையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். கடைசியில் மூலைப் புள்ளியை மட்டும் நாலைந்து முறை திருப்பித் திருப்பி எழுதச் சொன்னேன். அங்கே கொஞ்சம் நின்று போ என்று அர்த்தம். மூன்றாம் இரவு, சோதனைப் படத்தின் வட்டம் சதுரத்தைத் தொட்டது. ‘ட’வுக்கு முதுகு நிமிர்ந்தது.

சதுர்த்தியன்று சுவரில் பிள்ளையார் வந்தார். தந்தம் கொஞ்சம் நடுங்கியது. யாரும் கவனிக்கவில்லை.

இப்போது கடைக்கு டிவி வருவதில்லை. கல்லூரிப் பையன்கள் வருகிறார்கள். போன மாதம் ஒருவன் ஃபோனில் இரண்டு படத்தைக் காட்டி, “அண்ணா, இருபது கே வாங்கவா, முப்பது கே வாங்கவா?” என்று கேட்டான். “அது இருக்கட்டும்டா, மைனஸ் லைன் போனா உன் லேசர் எங்கே பார்த்துக்கிட்டு நிக்கும்? அதச் சொல்லு” என்றேன். விழித்தான். டிராயரைத் திறந்து ஒரு மைக்காத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். எதற்கென்று அவன் கேட்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.